மரை கழன்றது வண்டிக்கா, நமக்கா?

"அது அப்படித்தான் இருக்கும் தம்பி."

ரொம்ப நாளா இந்த ஒரு வாக்கியத்தைத் திட்டணும்னு நினைச்சிக்கிட்டே இருந்தேன். இன்னிக்குத் தீர்த்துரலாம்னு உக்காந்தாச்சு.

நீங்களும் கேட்டிருப்பீங்க. பைக்ல கிலுகிலுன்னு ஒரு சத்தம், க்ரீச்னு ஒண்ணு, குழியில இறங்கினா டொக்குன்னு ஒண்ணு. யார்கிட்ட போய்ச் சொன்னாலும் பதில் இதுதான். வண்டி பழசா? அப்படித்தான் இருக்கும். புதுசா? ஓட ஓட சரியாயிரும். ஒத்தை சிலிண்டரா? அதிரத்தான் செய்யும். டிஸ்க் பிரேக்கா? சத்தம் வரத்தான் செய்யும். எல்லாத்துக்கும் பொருந்துற பதில் எதுக்கும் பதில் இல்லைங்கிறது என் கட்சி.

(டிஸ்கி: நான் மெக்கானிக்கல் படிக்கிறவன்தான், மெக்கானிக் இல்ல. ரெண்டுக்கும் எவ்வளவு தூரம்னு கீழ படிச்சா தெரியும்.)

இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா, நாம காது கேக்காத ஜனம் இல்ல. ஆலங்குளத்துல எந்த ஆச்சியையாவது மண்பானை வாங்கக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. விரலை மடக்கி நாலு பக்கம் தட்டிப் பாக்காம காசை எடுக்காது. 'ணங்'னு கேட்டா நல்ல பானை, 'சொத்'துனு கேட்டா விரிசல். தேங்காயைத் தட்டுறோம், தர்ப்பூசணியைத் தட்டுறோம். ரயில்வேக்காரங்க சுத்தியலால சக்கரத்தைத் தட்டி விரிசல் கண்டுபிடிச்சிருக்காங்க. அந்தப் பக்கம் திருநெல்வேலி போனா, நெல்லையப்பர் கோவில்ல கல்லுத்தூணைத் தட்டினா சுரம் வருது. நாப்பது ரூபா பானைக்கு இவ்வளவு காது குடுக்கிற நாம, உசிரைத் தூக்கி வெச்சி எண்பதுல போற வண்டிக்கு மட்டும் "அப்படித்தான் இருக்கும்"னு விட்ருதோம்.

சரி, நடந்த கதைக்கு வர்றேன்.

என் வண்டி செகண்ட் ஹேண்ட், ஒத்தை சிலிண்டர். கம்பெனி பேர் வேண்டாம், கதைக்கு அது தேவையும் இல்ல. பின்னாடி ரெண்டு சேடில் பேக், முன்னாடி லெக் கார்டு, ஹேண்டில்ல போன் ஸ்டாண்டுன்னு டூரிங் வண்டியா ஜோடிச்சி வெச்சிருந்தேன். போன வருஷம் சாரல் சீசனுக்கு ஒரு மாசம் முன்னாடி முன்பக்கத்துல இருந்து கிலுகிலுன்னு ஒரு சத்தம் ஆரம்பிச்சது. முதல்ல கவனிச்சது நான் இல்ல, எங்க அம்மா. வாசல்ல உக்காந்து பீடி சுத்திட்டு இருந்தவங்க, நான் தெருமுனை திரும்பும்போதே கேட்டாங்க: "ஏல, உன் வண்டி என்ன கொலுசு போட்டுருக்கு?"

மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட போனேன். அவர் முன்னாடி ஆறு வண்டி பிரிஞ்சி கெடக்கு. ஹேண்டிலைப் பிடிச்சி ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு, "பேட் ஆடுற சத்தம் தம்பி. டிஸ்க் வண்டின்னா அப்படித்தான் இருக்கும்"னார். காசு வாங்கல.

அடுத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில ஒருத்தர் கோன் செட் போயிருக்கும்னார். மாத்தினேன். சத்தம் போகல. இன்னொருத்தர் சாக் அப்சார்பர் புஷ்னார். மாத்தினேன், போகல. ஆயிரத்துச் சொச்சம் போனதுதான் மிச்சம். கிளாஸ்மேட் ஒருத்தன் குடுத்த யோசனை இன்னும் அருமை: "மச்சான், சைலன்சரை மாத்திரு. அப்புறம் ஒரு சத்தமும் கேக்காது." கடைசியா நானே பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஹெட்லைட் பிராக்கெட், டேங்க் அடி, நம்பர் பிளேட்னு சந்து கண்ட எடமெல்லாம் திணிச்சேன். சத்தம் பாதியாக் குறைஞ்சது. ஜெயிச்சிட்டேன்னு நினைச்சேன்.

சீசன் வந்தது. தங்கச்சியைப் பின்னாடி ஏத்திக்கிட்டு பாவூர்சத்திரம், தென்காசி வழியா குற்றாலம் போய்க் குளிச்சிட்டு, அப்படியே செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவுன்னு மலை ஏறி தென்மலை வரைக்கும் போறதா திட்டம். செங்கோட்டை நெருங்கும்போது அவ முதுகுல தட்டினா.

"அண்ணே, நீ பிரேக் புடிச்சா அந்தச் சத்தம் நிக்குது. விட்டா திரும்ப வருது."

"சும்மா இருட்டி, அது பேட் சத்தம்"னேன். பாருங்க, அண்ணாச்சி வாக்கியம் இப்ப என் வாய்ல. ஆனா ரெண்டு தடவை பிடிச்சி விட்டுப் பாத்தேன். அவ சொன்னது சரி. டீக்கடை ஓரம் நிப்பாட்டி முன்சக்கரத்துக்குப் பக்கத்துல குனிஞ்சேன்.

முன் பிரேக் காலிப்பரை ஃபோர்க்கோட சேத்துப் பிடிக்கிற போல்ட் ரெண்டு. ஒண்ணைக் காணோம். இன்னொண்ணு விரலால திருகினாலே சுத்துது.

இது என்னன்னு தெரியாதவங்களுக்கு: அந்த ரெண்டாவதும் போனா காலிப்பர் டிஸ்க்கை விட்டு விலகித் தொங்கும். பிரேக் லீவரை அமுக்கினா பிரேக் இருக்காது. இல்லாட்டி காலிப்பர் சுத்துற சக்கரத்துல மாட்டி, முன்சக்கரம் அப்படியே நின்னுரும். புளியரை எஸ் வளைவுல எதிர்ல கேரளா லாரி இறங்கும்போது இதுல எது நடந்தாலும் இந்தக் கட்டுரை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பின்னாடி உக்காந்திருந்தது ப்ளஸ் டூ படிக்கிற புள்ளை. அதை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

இப்ப விஷயம். அண்ணாச்சி சொன்னது பொய் இல்ல. பேட் ஆடினா சத்தம் வரும், பிரேக்கை லேசாத் தொட்டா அது நிக்கும், பல வண்டில அது ஆபத்தில்லாத சத்தம்தான். ஆனா பேட் ஆடினாலும் காலிப்பரே ஆடினாலும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேக்கும். குனிஞ்சி பாத்தாதான் வித்தியாசம் தெரியும். "அப்படித்தான் இருக்கும்"ங்கிற வாக்கியம் குனிய விடாது. அதுதான் அதோட கெட்ட குணம்.

போல்ட்டை அப்படி விட்டது யாரு? நான்தான். அந்தச் சத்தம் ஆரம்பிக்க ஒரு வாரம் முன்னாடி வீடியோ பாத்து நானே பேட் மாத்தினேன். கை போன போக்குல ஒரு இறுக்கு. "எப்ப ஆரம்பிச்சது? அதுக்கு முன்னாடி வண்டில யார் கை வெச்சது?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். யாரும் கேக்கல. நானும் என்னைக் கேட்டுக்கல. மரை கழன்றது வண்டிக்கு மட்டும் இல்ல.

அண்ணாச்சியை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. யோசிச்சிப் பாருங்க. ஒரு சத்தத்தைத் தேட அரை நாள் ஆகும். தேடிக் கண்டுபிடிச்சி, லூசா இருந்த ஒரு போல்ட்டை இறுக்கிட்டு "முன்னூறு ரூபா குடுங்க"ன்னு கேட்டா நாம என்ன சொல்லுவோம்? "ஒரு போல்ட்டை இறுக்கினதுக்கு முன்னூறா?" அதே ஆள் நல்லா இருக்கிற கோன் செட்டைக் கழட்டிப் போட்டுட்டு ஆயிரம் கேட்டா சத்தம் காட்டாம எடுத்துக் குடுப்போம். கையில புது டப்பா இருக்குல்ல! ஊசி போடாம அனுப்புற டாக்டரைக் 'கைராசி இல்லாத டாக்டர்'னு சொல்ற ஊரு நம்ம ஊரு. சாமானுக்குக் காசு குடுப்போம், காதுக்குக் குடுக்க மாட்டோம். அப்புறம் எந்த மெக்கானிக் காது குடுப்பான்?

இன்னொரு கோஷ்டி இருக்கு. அதிர்றதுதான் ஆம்பளை வண்டின்னு சொல்ற கோஷ்டி. புல்லட் 1955-ல இருந்து நம்ம மெட்ராஸ்லயே செஞ்ச வண்டி. அதோட 'டப் டப்'புக்கு ஒரு பெருமை உண்டு, அதை நான் மறுக்கல. சத்தத்தை வெச்சி யாவாரம் பண்றதும் நம்ம ஊரோட நிக்கல. அமெரிக்காவுல ஹார்லி டேவிட்சன் கம்பெனி தன் இன்ஜின் சத்தத்தையே டிரேட்மார்க்கா பதிய 1994-ல விண்ணப்பிச்சி, எதிர்ப்பெல்லாம் பாத்துட்டு 2000-ல வாபஸ் வாங்கிச்சு. ஆனா இன்ஜின் வெடிக்கிற தாளம் வேற, மட்கார்டு போல்ட் ஆடுற சத்தம் வேற. முதலாவது அந்த வண்டியோட குரல். ரெண்டாவது வியாதி. ராயல் என்ஃபீல்டே 2020 நவம்பர்ல மீட்டியோர் 350 கொண்டு வந்தப்ப உள்ள பேலன்சர் ஷாஃப்ட் வெச்சி அதிர்வைக் குறைச்சாங்க. அதிர்வுதான் அழகுன்னா அந்தக் கம்பெனி ஏன் இந்த வேலை பாக்குது?

சைலன்சரை மாத்தி மத்த சத்தத்தை அமுக்குற யோசனைக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துக்கு அப்புறம் அதுக்கு 10,000 ரூபா வரைக்கும் அபராதம் உண்டு. அதை விடுங்க. வீட்ல கைப்புள்ளை அழுதா டிவி சவுண்டை ஏத்தி வைக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? நான் டியூப் திணிச்சதும் அதே வேலைதான். மத்த சத்தத்தையும் சேத்து அமுக்கி, கேக்க வேண்டிய சத்தத்தையே மங்க வெச்சிட்டேன். ஹெல்மெட்டுக்குள்ள பாட்டு போட்டுக்கிட்டு ஓட்டுறவங்களும் இந்தப் பட்டியல்தான்.

திட்டினது போதும். செங்கோட்டை டீக்கடைக்கு அப்புறம் நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன், உங்களுக்கு உதவும்.

முதல் பாடம்: 'எங்க'ன்னு தேடாதீங்க, 'எப்ப'ன்னு தேடுங்க. காது 'எங்க' விஷயத்துல பொய் சொல்லும். காத்துல சத்தம் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். இரும்புல 5,000 மீட்டருக்கும் மேல. வில்லுப்பாட்டுல வீசுகோலால ஒரு எடத்துல தட்டினா வில்லு முழுக்கக் கட்டியிருக்கிற மணி அத்தனையும் ஆடுதுல்ல, அந்த மாதிரி வால்ல இருக்கிற நம்பர் பிளேட் ஆடினா ஃபிரேம் வழியா வந்து டேங்க்ல கேக்கும். 'எப்ப'ங்கிறது மட்டும் ஏமாத்தாது.

அதனால வரிசையாக் கேளுங்க. எந்த நாள் ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க? வண்டியை நிப்பாட்டி நியூட்ரல்ல ஆக்சிலேட்டர் குடுத்தா வருதா? வந்தா அது இன்ஜின் அதிர்வால ஆடுற சாமான்: சைலன்சர் கிளாம்ப், ஹீட் ஷீல்டு, லெக் கார்டு, மட்கார்டு. ஆளில்லாத நேர் ரோட்டுல கிளட்ச்சைப் பிடிச்சி இன்ஜினை ஐடிலுக்கு விட்டு உருண்டாலும் வருதா? அப்ப சக்கரம், செயின், பிரேக் பக்கம் பாக்கணும். குழியில மட்டும் வருதா? சாக் அப்சார்பர், ஸ்டாண்டு ஸ்பிரிங், கோன் செட், பேக் மாட்டுற கேரியர். பிரேக்கைத் தொட்டா நிக்குதா? தயவுசெஞ்சி உடனே நிப்பாட்டிக் குனிஞ்சி பாருங்க.

ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் வந்து, தாண்டினா போயிருதுன்னாலும் மர்மம் ஒண்ணும் இல்ல. ஊஞ்சலை எப்பப் பாத்தாலும் தள்ளினா ஆடாது, அதோட நேரத்துக்குத் தள்ளினா எகிறும். ஒவ்வொரு தகரத்துக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு. இன்ஜின் 3,000 ஆர்பிஎம்ல சுத்துறப்ப நொடிக்கு 50 தள்ளு. அந்த 50-க்கு ஒத்துப்போற தகரம் எதுவோ அது மட்டும் ஆடும். அதனால ஆர்பிஎம்மைக் குறிச்சி வெச்சிக்கோங்க, வீட்ல நிப்பாட்டி அதே ஆர்பிஎம்ல தேடலாம்.

ரெண்டாவது: கழட்டுங்க. முதல்ல பாக்கெட்ல இருக்க வேண்டிய சாவிக்கொத்தை வண்டிச் சாவில தொங்க விடாதீங்க. பாதிப் பேர் பிரச்சனை அதுலயே தீந்துரும் :-) அடுத்து சீட்டுக்கடியில டூல் கிட், அப்புறம் சேடில் பேக், போன் ஸ்டாண்டு. ஒவ்வொண்ணா கழட்டி ஓட்டிப் பாருங்க. ஒரே நேரத்துல நாலு வேலை பாத்தா சத்தம் போனாலும் எதனால போச்சுன்னு தெரியாது.

மூணாவது: தொட்டுப் பாருங்க, தட்டிப் பாருங்க. ஸ்டாண்டு போட்டு ஒருத்தர் ஆக்சிலேட்டர் குடுக்க, இன்னொருத்தர் தகரத்தை ஒவ்வொண்ணா கையால அமுக்கணும். எதை அமுக்கினா சத்தம் நிக்குதோ அதான் திருடன். சைலன்சரையும் செயினையும் தொட வேண்டாம், விரல் நமக்கு வேணும். இன்ஜின் பக்கம்னா நீள ஸ்க்ரூடிரைவரோட முனையை மேல வெச்சி கைப்பிடியைக் காதோரம் வெச்சிக் கேட்டா டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரி கேக்கும். வண்டியை அணைச்சிட்டு போல்ட் தலையில ஸ்பேனரால லேசாத் தட்டிப் பாருங்க. இறுக்கமா இருக்கிறது கணீர்னு கேக்கும், லூசா இருக்கிறது சொத்தைப் பானை மாதிரி கேக்கும். ஆச்சிகிட்ட கத்துக்கிட்டதுதான்.

நாலாவது: சத்தத்தை அமுக்காதீங்க, காரணத்தைத் தீருங்க. ரெண்டு தகரம் ஒண்ணோட ஒண்ணு உரசினா நடுவுல டியூப் துண்டு வைக்கலாம், தப்பில்ல. ஆனா காலிப்பர், ஆக்சில், இன்ஜின் மவுண்டிங், ஹேண்டில் மாதிரி பாரம் தாங்குற போல்ட்டுக்கு அடியில ரப்பர் வைக்கக் கூடாது. இறுக்கின போல்ட் ஒரு ஸ்பிரிங் மாதிரி இழுத்துப் பிடிச்சிக்கிட்டு நிக்குது. நடுவுல ரப்பர் இருந்தா அந்தப் பிடி போயிரும். அதே நேரம் பலம் இருக்குன்னு முறுக்கினா அலுமினியத்துல மரை வழுக்கிரும். மேனுவல்ல ஒவ்வொரு போல்ட்டுக்கும் எத்தனை நியூட்டன் மீட்டர்னு போட்டிருக்கு, டார்க் ரெஞ்சு இல்லாத எடத்துல அந்த வேலையைச் செய்யாதீங்க. போல்ட் தொலைஞ்சா ஆணிக்கடையில அளவு மட்டும் பாத்து வாங்காதீங்க. தலையில 8.8, 10.9 மாதிரி எண் குத்தியிருக்கும், அது பலத்தோட கணக்கு. பழைய போல்ட்ல என்ன இருந்ததோ அதுக்குக் குறையக் கூடாது.

க்ரீச் சத்தத்துக்கு ஒரு எச்சரிக்கை. பிரேக் கத்துதுன்னு டிஸ்க்லயோ பேட்லயோ எண்ணெய் விடுற புண்ணியவான்கள் இருக்காங்க. சத்தம் உடனே நின்னுரும். வண்டிதான் நிக்காது.

கடைசியா ஒண்ணு, இது என் கட்சிக்கே எதிரானது. சத்தமே வரக்கூடாதுன்னு அடம் பிடிக்கிறதும் தப்பு. அணைச்சப்புறம் சைலன்சர் டிக் டிக்குனு ஆறுறது சூடான இரும்பு சுருங்குற சத்தம், அது இருக்கத்தான் செய்யும். டேப்பெட்ல லேசான டக்டக் பல இன்ஜின்ல இருக்கணும். "சத்தம் கேக்கவே கூடாது அண்ணாச்சி"ன்னு நாம நச்சரிச்சி, அவர் இடைவெளியே இல்லாம இறுக்கி விட்டா, வால்வு முழுசா மூடாம கருகிப் போகும். எந்தச் சத்தம் நார்மல்னு சொல்லவும் முதல்ல கேக்கணும். கேட்டுட்டு "அப்படித்தான் இருக்கும்"னு சொன்னா தலை வணங்குறேன். கேக்காமச் சொல்றதைத்தான் திட்டுறேன்.

அன்னிக்கு செங்கோட்டையில ஒரு மெக்கானிக் பழைய வண்டில இருந்து அதே அளவு, அதே எண் உள்ள போல்ட்டைத் தேடி எடுத்து மாட்டினார். மாட்டுறதுக்கு முன்னாடி சக்கரத்தைச் சுத்த விட்டு ஒரு நிமிஷம் சும்மா கேட்டார். போல்ட்டுக்கு அம்பது ரூபா கேட்டார், நூறு குடுத்தேன். "சில்லறை இல்லையே தம்பி"ன்னார். "அம்பது நீங்க கேட்டதுக்கு அண்ணாச்சி"ன்னேன். நான் சொன்னது அவருக்குப் புரியல. மலை ஏறல, மெதுவா ஆலங்குளம் திரும்பிட்டோம்.

இப்ப என் வண்டில முக்கியமான போல்ட் எல்லாத்துலயும் தலையில ஆரம்பிச்சி பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு ரோஸ் கலர் கோடு இருக்கும். தங்கச்சியோட நெயில் பாலிஷ். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைஞ்சி காட்டிக் குடுத்துரும். பசங்க பாத்துட்டு "என்னல, வண்டிக்கு மருதாணியா?"ன்னு கேலி பண்றாங்க. பண்ணட்டும்.

அடுத்த தடவை மெக்கானிக்கிட்ட போறப்ப ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. "என்ன மாத்தணும்?"னு கேக்காதீங்க. "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு, என்ன கேட்டுச்சுன்னு சொல்லுங்க அண்ணாச்சி, அதுக்குத் தனியா காசு தர்றேன்"னு சொல்லிப் பாருங்க. நான் சொன்னேன். எங்க ஊர் அண்ணாச்சி கையைத் துடைச்சிக்கிட்டு ஒரு நிமிஷம் என்னையே பாத்தார். அப்புறம் சாவியை வாங்கிக்கிட்டார்.

பி.கு: அம்மா போன வாரம் கேட்டாங்க, "என்னல, இப்பல்லாம் நீ வர்றதே தெரிய மாட்டேங்குது?"